ஊரின் நீர்க்கணக்கு

ஓர் ஊருக்கான நீர்த்திட்டம் என்றால் புதிய குளம், புதிய குழாய், முன்னிலும் ஆழமான ஆழ்துளைக் கிணறு என்று நீரைக் கொண்டுவரும் வழிகளே பெரும்பாலும் பட்டியலிடப்படுகின்றன. அந்த ஊரின் எல்லைக்குள் ஆண்டுதோறும் எவ்வளவு நீர் வந்து சேர்கிறது, அதில் எவ்வளவை எடுத்தால் அடுத்த ஆண்டுக்கும் மிச்சம் இருக்கும், அதை எந்தப் பயிருக்கு எவர் எடுப்பது ஆகிய மூன்று கேள்விகளும் அப்பட்டியலில் அரிதாகவே இடம்பெறுகின்றன. நீடித்து நிற்கும் திட்டம் எதுவும் இந்த மூன்றிலிருந்துதான் தொடங்க முடியும். முதலிரண்டு கேள்விகளுக்கு இயற்பியலும் நிலவியலும் விடை தருகின்றன. மூன்றாவது கேள்விக்கு ஊர் கூடித்தான் விடை காண வேண்டும். அளவிடுதலும் உடன்பாடும் ஒன்றையொன்று பிரிந்து நின்ற இடங்களில் நல்ல கட்டுமானங்கள்கூடச் சில ஆண்டுகளில் பயனற்றுப் போயிருக்கின்றன. இரண்டும் சேர்ந்த இடங்களில் மழை குறைந்த ஊர்கள்கூடத் தழைத்திருக்கின்றன.

மழையை அளவாக மாற்றுதல்

நீர்க்கணக்கின் முதல் வரி மழை. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 கனமீட்டர் நீர், அதாவது 10,000 லிட்டர். இந்த ஒரே ஒரு பெருக்கல் தெரிந்தால் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியில் வைத்த மழைமானியின் அளவை ஊர் முழுவதும் இறங்கிய நீரின் கன அளவாக எவரும் மாற்றிவிடலாம்.

ஆனால் விழுந்த மழை முழுவதும் கைக்கு எட்டுவதில்லை. தமிழ்நாட்டைப் போன்ற வெப்பமான, ஓரளவு வறண்ட நிலப்பகுதிகளில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு மண்ணிலிருந்து ஆவியாகியும் மரஞ்செடிகளின் இலைகள் வழியே நீராவியாக வெளியேறியும் வானுக்கே திரும்பிவிடுகிறது. இன்னொரு பங்கு ஓடையாகவும் ஆறாகவும் ஊரைக் கடந்து போகிறது. எஞ்சிய சிறு பங்குதான் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது. குளத்திலும் கண்மாயிலும் தேங்கிய நீரும் அப்படியே இருந்துவிடுவதில்லை; திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டொன்றுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட ஆழ நீர் ஆவியாகக் கூடிய தட்பவெப்பம் இது என்பதால், ஆழம் குறைந்து பரப்பு மட்டும் விரிந்த குளம், கோடை வரும்போது தன் நீரில் பெரும்பகுதியை வெயிலுக்கே கொடுத்திருக்கும். தூர்ந்த கண்மாயைத் தூர்வாருவதால் கொள்ளளவு கூடுகிறது என்பதோடு, அதே நீரைச் சிறிய பரப்பில் ஆழமாக வைத்திருக்க முடிவதால் ஆவியாகும் இழப்பும் குறைகிறது.

மழையைப் பற்றிய இன்னொரு செய்தியையும் திட்டமிடுவோர் மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. சராசரி என்பது நல்ல ஆண்டுகளையும் பஞ்ச ஆண்டுகளையும் கூட்டி வகுத்த எண் என்பதால், அதை நம்பி வகுத்த திட்டம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பொய்த்துப்போகும். ஆகவே நீரியலாளர்கள் நம்பகத்தன்மை என்னும் அளவைப் பயன்படுத்துகிறார்கள். 75 விழுக்காடு நம்பகத்தன்மை கொண்ட மழை என்றால் நான்கு ஆண்டுகளில் மூன்றிலாவது அந்த அளவோ அதற்கு மேலோ பெய்யும் என்று பொருள். குடிநீரை இதைவிடவும் உறுதியான அளவை நம்பியும், பாசனத்தை 75 விழுக்காட்டு அளவை நம்பியும் திட்டமிடுவது பாதுகாப்பானது. புவி வெப்பமாதலால் பெருமழை குறைந்த நாட்களுக்குள் கொட்டித் தீர்ப்பது கூடிவருவதால் இந்த எச்சரிக்கை முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

பாறைக்குள் உள்ள இடம்

மண்ணுக்குள் இறங்கிய நீரைச் சேர்த்துவைத்து, கிணறு தோண்டினால் விட்டுக்கொடுக்கும் அடுக்கை நீர்த்தாங்கி என்பர். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கருங்கல் போன்ற கடினப் பாறைகளின் மேல் அமைந்திருக்கிறது. இப்பாறைகளுக்குள் இயல்பாக வெற்றிடம் கிடையாது. மேலே சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை சிதைந்து உதிர்ந்த பகுதியிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. நீர் நிறைந்திருக்கும் பாறையின் மொத்தக் கன அளவில் வடித்தெடுக்கக்கூடிய நீரின் பங்கை நீர்தரும் திறன் என்று குறிப்பிடுவர். ஆற்றுப் படுகையின் மணலில் இது 10 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். சிதைந்த கடினப் பாறையிலோ ஒன்று முதல் மூன்று விழுக்காடுதான்.

இந்தச் சிறிய எண்ணின் விளைவு பெரியது. நீர்தரும் திறன் 2 விழுக்காடு கொண்ட 1,000 ஹெக்டேர் ஊரில் நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது 2 லட்சம் கனமீட்டர் மட்டுமே. கடினப் பாறை நீர்த்தாங்கி விரைவில் நிறைந்து விரைவில் வற்றும் இயல்புடையது என்பதால், ஒரு பருவமழையில் கிணறுகள் மேல்படி வரை நிறைவதைக் கண்டு நீர் வளம் திரும்பிவிட்டதாக நம்புவது தவறு. அந்த நிறைவு ஒரே கோடையில் தீர்ந்துவிடக் கூடியது. ஆழம் கூடக் கூட வெடிப்புகள் குறைந்துகொண்டே போவதால், முந்நூறு மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் ஆழ்துளைக் கிணறு புதிய நீரைக் கண்டுபிடிப்பதாகச் சொல்ல முடியாது. பல இடங்களில் அது பக்கத்துக் கிணற்றின் நீரையே கீழிருந்து இழுக்கிறது, அல்லது நெடுங்காலமாகத் தங்கியிருந்து எளிதில் நிரம்பாத நீரைச் செலவிடுகிறது.

நீரின் தன்மையும் இங்கே ஆழத்தோடு மாறுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளில் ஃபுளோரைடு கனிமங்கள் இருப்பதால் அங்கே நிலத்தடி நீரைக் குடித்தவர்கள் பற்கறையாலும் எலும்புச் சிதைவாலும் பாதிக்கப்பட்டார்கள். காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கு அதுவே முதன்மைக் காரணம். கடற்கரை ஊர்களில் ஆபத்து வேறு வகையானது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது என்பதால் அதன் மேல் மிதக்கிறது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்புநீரை அது விலக்கி வைக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்து எடுத்தால் கீழே நாற்பது மீட்டர் உப்புநீர் மேலேறக்கூடும் என்பதே இதன் மறுபக்கம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் மிகுதியாக நீர் இறைக்கப்பட்டதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது இந்த விதியின்படியே நிகழ்ந்தது.

ஓர் ஊரின் வரவும் செலவும்

இந்த அளவுகளை ஒன்றுசேர்த்தால் நீர் வரவுசெலவு உருவாகிறது. விளக்கத்துக்காக, 1,000 ஹெக்டேர் பரப்பும் 3,000 மக்களும் 1,500 மாடுகளும் கொண்டு, கிணற்றுப் பாசனத்தையே நம்பியிருக்கும் ஒரு கடினப் பாறை ஊரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஓர் ஆண்டில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் மொத்த நீர் 80 லட்சம் கனமீட்டர். அதில் 10 விழுக்காடு நிலத்தடிக்கு இறங்குவதாகக் கொண்டால் வரவு 8 லட்சம் கனமீட்டர். இந்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு முறையில், ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காட்டுக்குள் எடுக்கும் பகுதிகளே பாதுகாப்பானவை என்று வகைப்படுத்தப்படுகின்றன. 100 விழுக்காட்டைத் தாண்டினால் அது அதிநுகர்வுப் பகுதி. தமிழ்நாட்டில் இந்த மதிப்பீடு குறுவட்டம், அதாவது பிர்கா அளவில் செய்யப்படுகிறது. அந்த 70 விழுக்காட்டையே இந்த ஊரும் வரம்பாகக் கொண்டால் செலவிடத்தக்கது 5,60,000 கனமீட்டர்.

செலவின் முதலிடம் குடிநீருக்கு. ஜல் ஜீவன் திட்டம் வரையறுத்த, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவில் 3,000 பேருக்கு ஆண்டுக்கு வேண்டியது ஏறத்தாழ 60,000 கனமீட்டர். மாடொன்றுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் கால்நடைகளுக்கு 27,000 கனமீட்டர். இரண்டும் சேர்ந்து 87,000. பெய்த மழையோடு ஒப்பிட்டால் இது வெறும் ஒரு விழுக்காடு. குடிநீர்ப் பஞ்சம் என்று சொல்லப்படும் பல பஞ்சங்கள் உண்மையில் பாசனத்துக்கான அளவற்ற இறைப்பின் விளைவுகள் என்பதை இந்த ஒரு எண் காட்டிவிடுகிறது.

எஞ்சிய ஏறத்தாழ 4,73,000 கனமீட்டரில் என்ன விளைவிப்பது என்பதே திட்டத்தின் இதயமான கேள்வி. ஹெக்டேருக்கு 12,000 கனமீட்டர் கேட்கும் நெல்லை முழுவதும் கிணற்று நீரால் வளர்த்தால் 39 ஹெக்டேர் நடலாம். 5,000 கனமீட்டர் கேட்கும் நிலக்கடலை என்றால் 94 ஹெக்டேர். 4,000 கனமீட்டரில் முடியும் சிறுதானியம் என்றால் 118 ஹெக்டேர். மழை 500 மில்லிமீட்டராகக் குறையும் ஆண்டில், அதே விகிதங்களின்படி, நெல்லின் பரப்பு 22 ஹெக்டேராகவும் நிலக்கடலையின் பரப்பு 52 ஹெக்டேராகவும் சுருங்கும். எவரும் எவரையும் கேட்காமல் 80 ஹெக்டேரில் நெல் நட்டுவிட்டால் ஊரின் மொத்தச் செலவு ஏறத்தாழ 10,47,000 கனமீட்டராகி, வரவு முழுவதையும் தாண்டி ஏறத்தாழ இரண்டரை லட்சம் கனமீட்டர் பற்றாக்குறை வரும். முன்னர் பார்த்த பாறைக் கணக்கின்படி அந்த ஆண்டு நீர்மட்டம் ஒன்றேகால் மீட்டர் இறங்கும். நெல்வயலில் தேங்கும் நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தடிக்குச் சேர்கிறது என்பதால், உண்மையான கணக்கில் அதை வரவில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தாலும் இறக்கத்தின் வேகம் குறையுமே தவிர அதன் திசை எளிதில் மாறாது.

சிக்கனப் பாசனக் கருவிகளைப் பற்றிய பொதுவான நம்பிக்கையையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனம் ஒரு ஹெக்டேருக்கான இறைப்பைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் மிச்சமான நீரைக் கொண்டு அதே உழவர் பரப்பை விரித்தாலோ, நீர் மிகுதியாகக் கேட்கும் பயிருக்கு மாறினாலோ ஊரின் மொத்தச் செலவு குறையாமல் போகலாம், சில நேரங்களில் கூடவும் செய்யலாம். உலகின் பல பாசனப் பகுதிகளில் இது பதிவாகியிருக்கிறது. ஊர் அளவில் வரம்பு ஒன்று இருக்கும்போதுதான் கருவியின் சிக்கனம் நிலத்தடி நீரின் சேமிப்பாக மாறுகிறது.

அளந்து வாழ்ந்த ஊர்கள்

மகாராஷ்டிரத்தின் அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தில், ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்றுக் குறைந்த பரப்புடைய ஹிவரே பஜார் என்னும் ஊர் ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் மழைமறைவுப் பகுதியில் இருக்கிறது. 1972-ன் கொடும் பஞ்சத்துக்குப் பின் நிலம் பொய்த்து, மக்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த அவ்வூரில், 1990-ஐ ஒட்டி ஊராட்சித் தலைவரான போபட்ராவ் பவாரின் முன்னெடுப்பில் மலைச்சரிவுகளில் சமமட்ட அகழிகளும், ஓடைகளில் தடுப்பணைகளும், கசிவுநீர்க் குட்டைகளும் ஊராரின் உழைப்புக் கொடையோடு அமைக்கப்பட்டன. இத்தகைய கட்டுமானங்கள் இந்தியாவின் ஆயிரக்கணக்கான ஊர்களில் உண்டு. ஹிவரே பஜாரை வேறுபடுத்தியது கிராம சபை எடுத்த முடிவுகள்: மரம் வெட்டத் தடை, சரிவுகளில் கட்டற்ற மேய்ச்சலுக்குத் தடை, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு அமைக்கத் தடை, கரும்பு, வாழை போன்ற நீர் மிகுதியாகக் கேட்கும் பயிர்களுக்குத் தடை. பின்னர் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மழையளவையும் பதிந்து, ஆண்டுதோறும் நீர்க்கணக்கைக் கிராம சபையில் வைத்து, அந்த ஆண்டு எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் என்று தீர்மானிக்கும் வழக்கமும் வேரூன்றியது. மழை குறைந்த ஆண்டில் பரப்பு குறைகிறது. குடிநீருக்கும் கால்நடைக்குமான பங்கில் கை வைப்பதில்லை. போன குடும்பங்கள் பல திரும்பி வந்தன; பால் உற்பத்தி பன்மடங்கு பெருகியது.

அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்தில், அனந்தபூர், சித்தூர், பிரகாசம் உள்ளிட்ட 7 வறட்சி மாவட்டங்களில், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு நடந்த உழவர் மேலாண்மை நிலத்தடி நீர்த் திட்டம் வேறொரு வழியைத் தேர்ந்தது. 600-க்கும் மேற்பட்ட ஊர்களில் உழவர்களே, பெண்களும் ஆண்களுமாக, மழைமானிகளையும் கண்காணிப்புக் கிணறுகளையும் அளந்து, அந்த எண்களை ஊர்ச் சுவர்களில் எழுதி வைத்தார்கள். பருவமழை முடிந்ததும், அடுத்த பயிருக்கு முன், ஊர் கூடிப் பயிர் நீர்க்கணக்கைப் போட்டார்கள். தடையோ தண்டமோ அங்கே கிடையாது; கணக்கைப் பார்த்த பின் அவரவர் பயிரை அவரவரே முடிவு செய்தனர். அந்த அறிவின் பலத்திலேயே பலர் நெல்லின் பரப்பைக் குறைத்து, நீர் குறைவாகக் கேட்கும் பயிர்களுக்கு மாறினார்கள். நாற்று நட்ட பின் கிணறு வற்றினால் இழப்பு தமக்கே என்பதை முன்கூட்டி அறிந்தது அவர்களைத் தயங்க வைத்தது.

இரண்டு வழிகளில் எது சிறந்தது என்பதைவிட இரண்டிலும் பொதுவானவற்றைக் கவனிப்பதே பயன் தரும். இரண்டிலும் அளந்தவர்கள் ஊரார். அளவு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது. கணக்கு விதைப்புக்கு முன் வந்தது.

கணக்குக்குக் காவல்

நிலத்தடி நீரைக் காப்பது கடினமாக இருப்பதற்கு அதன் இயல்பே காரணம். ஒருவர் சேமித்த நீரை மற்றவர் இறைத்துவிட முடியும். இந்தியாவில் 1882-ன் வசதியுரிமைச் சட்டம் முதற்கொண்டு நிலத்துக்கு உரியவரே அதன் கீழுள்ள நீரை எடுக்கவும் உரியவர் என்ற கருத்து நிலைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பாசன மின்மோட்டாருக்கு மின்சாரமும் இலவசம். சட்டமும் விலையும் தடுக்காத இறைப்பை ஊரின் உடன்பாடு தடுக்குமா என்ற ஐயம் இயல்பானது.

2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்ணான எலினோர் ஆஸ்ட்ரம் தம் வாழ்நாள் ஆய்வால் இந்த ஐயத்துக்கு விடை கண்டார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே நிலத்தடி நீரைப் பற்றியது: கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையை ஒட்டிய மேற்குப் படுகையில் கடல்நீர் புகத் தொடங்கியபோது, நீர் இறைத்தவர்களே கூடி, அளந்து, பேசி, தத்தம் இறைப்பைக் குறைத்துக்கொண்ட வரலாற்றை அவர் ஆராய்ந்தார். பின்னர் உலகெங்கும் நெடுங்காலம் நிலைத்த பொது வளங்களை ஒப்பிட்டு, 1990-ல் வெளியிட்ட நூலில் அவற்றின் பொதுக் கூறுகளைத் தொகுத்தார். வளத்துக்கும் பயனாளிகளுக்கும் தெளிந்த எல்லை வேண்டும். விதிகள் அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும். விதிக்குட்பட்டவர்களுக்கே அதை மாற்றும் உரிமையும் வேண்டும். கண்காணிப்பவர் பயனாளிகளுக்குப் பொறுப்புடையவராக இருக்க வேண்டும். மீறலுக்கான தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாகக் கூட வேண்டும். தகராறு உள்ளூரிலேயே விரைவில் தீர வேண்டும். இவற்றையெல்லாம் அரசு மதிக்க வேண்டும்.

தமிழகத்துக் கண்மாய்ப் பாசனம் இந்தக் கூறுகளில் பலவற்றைத் தன் நடைமுறையாகவே கொண்டிருந்தது. ஆயக்கட்டின் எல்லை ஊருக்குத் தெரியும். மடையைத் திறந்து முறைவைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி அல்லது நீர்பாய்ச்சி என்பவருக்கு உழவர்கள் அறுவடையில் நெல் அளந்தார்கள். வரத்துக்கால் சீரமைப்புக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்தார். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற தனிக் குழுவே குறிப்பிடப்படுகிறது. அவ்வமைப்புகளில் நிலமற்றோருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பெண்களுக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைய நீர்க்குழு பழைய முறையின் ஒழுங்கை எடுத்துக்கொண்டு அதன் விலக்குதலைக் கைவிட்டால்தான் ஊரின் குழுவாகும்.

இலங்கையின் வறண்ட வலயத்துக் குளங்களின் கீழ் வழங்கிய பெத்ம என்னும் முறை பற்றாக்குறைக் காலத்துக்கான அரிய முன்மாதிரி. குளத்து நீர் வயல் முழுவதுக்கும் போதாது என்று தெரிந்த பருவத்தில், குளத்துக்கு அருகே உள்ள ஒரு பகுதி மட்டும் பயிரிடப்படும். அந்தப் பகுதி அதன் உரிமையாளருக்கு மட்டும் விடப்படாமல், அந்தப் பருவத்துக்கு மட்டும் எல்லாப் பங்காளிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். கடைமடைக்காரர் முற்றாக இழப்பதும் தலைமடைக்காரர் முழுதாகப் பெறுவதும் இதனால் தவிர்க்கப்பட்டு, கால்வாய் நீளம் குறைவதால் நீரின் இழப்பும் குறைகிறது. பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதைப் பற்றாக்குறை வருமுன்பே முடிவு செய்து வைத்ததில்தான் இம்முறையின் வலிமை இருக்கிறது.

அடுத்த ஊரின் பங்கு

ஓர் ஊரின் கணக்கு அதன் எல்லைக் கல்லோடு முடிவதில்லை. இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களின் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே வழியும் நீர்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. இலங்கையில் இத்தகைய குளத்தொடரை எல்லங்காவ என்பர். மேலூர்க்காரர்கள் ஓடையெங்கும் தடுப்பணை கட்டினாலோ கலுங்கை உயர்த்தினாலோ கீழூர்க் கண்மாய் வறண்டு போகும். ஆகவே முடிவெடுக்கும் அலகு ஊராக இருக்கலாம். கணக்கிடும் அலகு நீர்வடிப்பகுதியாக, அதாவது மழைநீர் ஒரே ஓடையில் வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதுமாக இருக்க வேண்டும். ஒரே தொடரில் உள்ள ஊராட்சிகள் மழைக்கு முன் கூடி, எந்தக் கண்மாய் எந்த மட்டத்தில் கலுங்கு பாய வேண்டும் என்று எழுதிக்கொள்வது பின்னர் வரும் பல வழக்குகளைத் தவிர்க்கும்.

கணக்கு வைக்கும் நாள்

இவற்றையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவரப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு மழைமானி, ஊரின் வெவ்வேறு பகுதிகளில் தேர்ந்தெடுத்த சில கண்காணிப்புக் கிணறுகள், அளவு நாடா, கண்மாயின் மடையில் மட்டக் குறிகள், பயிர்ப் பரப்பின் பட்டியல், இவற்றைப் பதிய ஒரு பேரேடு ஆகியவை போதும்; பொறியாளரும் நிலவியலாளரும் பாறையின் தன்மையையும் விகிதங்களையும் சொல்லித் தர வேண்டும். 2019-ல் தொடங்கி 7 மாநிலங்களில் செயல்பட்ட அடல் நிலத்தடி நீர்த் திட்டம் ஊராட்சிதோறும் இத்தகைய நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தை வலியுறுத்தியது. அம்மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை என்பது, இங்கே அதைத் தொடங்காமல் இருப்பதற்குக் காரணமாகாது.

தேவைப்படும் காலமும் களமும் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் அக்டோபர் 2, வடகிழக்குப் பருவமழையின் வாயிலில் வருகிறது. ஜனவரி 26, அம்மழை முடிந்து கிணறுகளும் கண்மாய்களும் தம் உச்ச மட்டத்தை ஒட்டி நிற்கும் நேரத்தில், கோடைப் பயிருக்கான முடிவுகள் உறுதியாகுமுன் வருகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளாகக் கோடையின் தொடக்கத்தில் வருகிறது. அக்டோபர்க் கூட்டத்தில் வரத்துக்காலும் கலுங்கும் செம்மையாக உள்ளனவா என்று பார்க்கலாம். ஜனவரிக் கூட்டத்தில் பெய்த மழையையும் நின்ற மட்டத்தையும் படித்து, குடிநீருக்கான பங்கை ஒதுக்கி, எஞ்சியதற்கேற்பப் பயிரின் பரப்பைத் தீர்மானிக்கலாம். மார்ச்சில் தீர்மானம் காக்கப்பட்டதா என்று சரிபார்க்கலாம். தண்ணீர் தீர்ந்த பின் லாரிக்கு மனுக்கொடுக்கக் கூடும் அதே மக்கள் தண்ணீர் இருக்கும்போது கணக்குக்காகக் கூடுவார்களானால், கிராம சபையின் ஒரு பக்கத் தீர்மானம் பல கோடி ரூபாய்க் குழாய்த் திட்டத்தைவிட நெடுங்காலம் அந்த ஊரைக் காக்கும்.